புழுவைக் குனிந்து பார்த்த கேமரா

ஆவணி 22, வியாழன்

காலையில இருந்தே பூந்தூறல். வெளிச்சம் சுத்தமா இல்ல. ஸ்டுடியோவுக்கு வந்தது ஒரே ஒரு குடும்பம். அதுலயும் ஒரு கைக்குழந்தை. நான் பிளேட் மாத்தற நேரம் மட்டும் சிலையாட்டம் உக்காந்திருந்துச்சு. லென்ஸ் மூடியைக் கழட்டினா ஆட்டம். போனாப் போவுது.

வாங்கணும்: பிளேட் கழுவற ஹைப்போ. படம் ஒட்டற அட்டை. கேமராவுக்குப் போத்தற கறுப்புத் துணியில எலி கடிச்ச எடத்துக்கு ஒட்டுப் போட நாச்சாயிகிட்டச் சொல்லணும். எத்தன தடவ சொல்றது.

தசரா யானைங்க ரோட்டுல நடந்து பழகுது. ஜட்காக் குதிரைக்கு அதுகளக் கண்டா ஆகாது. கடை முன்னால ஒரே கூச்சல்.

சாயங்காலம் கொள்ளேகால் பஸ்ஸுல மச்சினன் ரங்கசாமி வந்து எறங்கினான். நாச்சாயியோட ஒரே தம்பி. கையில மூங்கில் கூடை, மேல ஈரத்துணி. ஊர்க் கத்திரிக்கான்னு இவ ஆசையாப் போய்ப் பிரிச்சா. உள்ள பட்டுப்புழு! பாதி செத்தது. மீதி சாகப் போறது. "அட கெரகமே"ன்னு கூடையக் கீழ வெச்சுட்டுக் கைய சேலையில தொடச்சா.

விஷயத்தக் கேட்டா வயிறு எரியுது. ஊர்ல இவன் வளத்த புழு பூராச் சீக்கு. கூடு கட்டப் போற சமயத்துல எலை தின்னாமக் கெடந்து கருகுது. அதுக்கு யாரு காரணமாம்? சித்திரையில இவன் கட்டிக்கிட்டு வந்த பொண்ணு வேலாத்தா காரணமாம். வீட்டுக்கு விலக்கான நாள்ல புழு அறைக்குள்ள காலு வெச்சுட்டாளாம். போகவே இல்லைன்னு அந்தப் புள்ள கற்பூரம் அணைச்சுச் சொல்லியிருக்கு. என்ற மாமியார் கேக்கல. பொட்டியக் கையில குடுத்து அப்பன் ஊட்டுக்குத் தாட்டி விட்டாச்சு.

"அப்ப நீ என்றா பண்ணிட்டு இருந்தே?"ன்னு நாச்சாயி.

"புழுத் தட்டுக் கழுவிட்டு இருந்தேங்க்கா."

தலையில அடிச்சுக்கிட்டா. அவன் சோத்துல கையே வெக்கல. அக்கா முன்னால அழுக வெக்கம், என் முன்னால அதவிட வெக்கம். நான் வீட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் போய் நின்னுக்கிட்டேன். உள்ள ரெண்டு பேரும் அழுதது கேட்டுச்சு.

அவன் வந்த சோலி இதுதான். இங்க மைசூர்ல பட்டு இலாகா இன்ஸ்பெக்டர் புழுவப் பாத்தாச் சீக்கு என்னன்னு சொல்லுவாராம். சர்க்கார் மனுசன் சொன்னா அம்மா நம்பும், வேலாத்தாவத் திருப்பிக் கூட்டிக்கலாம். அவ்வளவுதான். புழு போனதப் பத்தி ஒரு வார்த்தை பேசல, பைத்தியக்காரன். எனக்கு அவன் மேல பிரியமே வந்துருச்சு.

ஆவணி 23, வெள்ளி

தூறல் விட்டுது. மேகம் விடல.

கூடையோட ரெண்டு பேரும் பட்டு இலாகாவுக்கு. கேட்டுல நின்னு துணிய வெலக்கினோம், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் உள்ளருந்து கையாட்டிக்கிட்டே ஓடியாறார். "ஒளகே தரபேடி! ஒளகே தரபேடி!" உள்ள கொண்டாராதீங்கன்னு. அவங்க புழுவும் அங்கதான் வளருதாம், ஒட்டிக்குமாம். ஏதோ நாங்க பாம்பு புடிச்சுட்டு வந்தாப்பல.

"அப்ப நீங்களே ஊருக்கு வந்து பாருங்க சாமி"ன்னான் ரங்கசாமி.

"யாவ ஊரு?"

"கொள்ளேகால்."

"அது மெட்ராஸ் சர்க்கார் சீமை. நான் அங்க வர முடியாது."

ஆனா கெட்ட மனுசன் இல்ல. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு பொறுமையாச் சொன்னார், பாதி கன்னடம் பாதி தமிழ். சப்பை ரோகம்னு ஒண்ணு. ஈர எலை போட்டா, அறையில காத்து வராம புழுங்கினா வரும். அது வளத்தவங்க குத்தம். இன்னொண்ணு கண்டு ரோகம். அது தாய்ப்பூச்சிகிட்ட இருந்து முட்டையிலயே வர்றது. தாயி நல்லாத்தான் தெரியும், குஞ்சுக்குள்ள சீக்கு இருக்கும். வளக்கறவங்க என்ன பண்ணினாலும் நிக்காது. அதுக்கு அடையாளம், மேல் தோல்ல மிளகுத்தூள் தூவினாப்பல புள்ளி. ஒரே நாள்ல பொறந்த புழுவுல ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசா நிக்கும்.

அத்தன தூரத்துல இருந்து அவருக்குப் புள்ளியும் தெரியல ஒண்ணும் தெரியல. என்ற கையில மருந்துக் கறை இருக்கறதப் பாத்துட்டு, "நீவு போட்டோகிராபர் அல்வா? போட்டோ தெகெது தொகொண்டு பன்னி"ன்னார். நீங்க போட்டோக்காரர்தான, படம் எடுத்துட்டு வாங்கன்னு. எலை மேல வரிசையாப் படுக்க வெச்சு, நேர் மேல இருந்து எடுக்கணும். பக்கவாட்டுல எடுத்தா நீளம் பொய் சொல்லும். அப்புறம் பெருசா வேணும்.

நேர் மேல இருந்து. சொல்லறதுக்குச் சுளுவு! என்ற கேமரா இத்தன வருசமா மனுசன் மூஞ்சிய நேருக்கு நேராப் பாத்தே பழகுனது. அதக் குனின்னா குனியுமா?

மத்தியானம் முழுக்க அதே சோலி. ஸ்டாண்டைச் சாச்சேன். பாதி சாஞ்சதும் கேமரா பாரம் தாங்காம திருகு வழுக்குது. இன்னும் சாச்சா ஸ்டாண்டோட காலே படத்துக்குள்ள வந்து நிக்குது.

ரங்கசாமி ரோசனை: எலையச் சோத்துப் பசை போட்டுச் செவுத்துல ஒட்டிரலாம் மச்சான், புழு எலையப் புடிச்சுக்கும், கேமரா எப்பவும் போல நேராப் பாக்கட்டும். ஒட்டினோம். சீக்குப் புழு எதைப் புடிக்கும்? ஒவ்வொண்ணா உதுந்துருச்சு. அவன் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கினான்.

அப்புறம் விட்டத்துல கவுறு கட்டிக் கேமராவத் தலகீழாத் தொங்க விட்டேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ரோட்டுல யானை போச்சு. கேமரா மெதுவா ஊஞ்சலாடுது. நான் கீழ ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நிக்கறேன். நாச்சாயி சிரிக்கக் கூடாதுன்னு பல்லக் கடிச்சு, முடியாம அடுப்படிக்குள்ள ஓடிட்டா. தம்பி பொழப்பு இப்படிக் கெடக்கையில இவளுக்குச் சிரிப்பு. எனக்கும்தான் வந்துச்சு, காட்டிக்கல.

ஆவணி 24, சனி

இன்னிக்கும் மேக மப்பு. காலையில ரெண்டு கிராக்கியத் திருப்பி அனுப்பிட்டேன். "மிஷின் ரிப்பேரு." மிஷின் விட்டத்துல தொங்குதுன்னு சொல்லவா முடியும்.

ரெண்டு நாற்காலி, நடுவுல பலகை, பலகையில ஓட்டை. ஓட்டையில லென்ஸைக் கீழ பாத்து எறக்கினேன். நிக்குது! ஆனா பலகையோட நெழலு புழு மேல விழுந்து இருட்டு. நாற்காலிய நகத்தினா பலகை ஆடுது. பெருசா வரணுமேன்னு சின்னக் கேமராவோட லென்ஸைக் கழட்டி இதுல மாட்டி, லென்ஸுக்குப் பின்னால இருக்கற மடிப்புத் துருத்திய முழுசா இழுத்தேன். கேமரா செங்குத்தா நிக்குதில்ல, துருத்தி தன் பாரத்துல தானே கீழ எறங்குது. பின்னால பால்கண்ணாடியில புழு தெளிவா வரும், கண்ணக் கசக்கிட்டுப் பாத்தா மங்கிப் போயிருக்கும்.

கோவத்துல பலகைய எட்டி ஒதச்சேன். கால் விரல் வீங்கிருச்சு.

நாச்சாயி எந்திரிச்சு அடுப்படிக்குப் போனா. திரும்பி வரையில சந்தகை, அதான் சேவை, புழியற முக்காலியத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வர்றா.

ஊர்ப் பக்கத்து இரும்பு முக்காலி. அகட்டி வெச்ச மூணு காலு. நடுவுல மாவு அடைக்கற நாழி உக்கார்ற வளையம். மேல ரெண்டு தூணு, குறுக்கச் சட்டம், அதுல திருகு. சட்டத்தையும் திருகையும் நாழியையும் அவளே கழட்டி வெச்சுட்டு வந்திருக்கா. மிச்சம் காலும் வளையமும் ரெண்டு தூணும்.

"இது என்னத்துக்கு?"

"ஏனுங்க, வெந்த மாவ வெச்சு ரெண்டு பேரு பலங்கொண்ட மட்டும் திருகினாலே அசையாது. உங்க கேமராவுக்கா அசைஞ்சுரப் போவுது?"

வளையத்துல லென்ஸை எறக்கினேன். அளவெடுத்துச் செஞ்சாப்பல உக்காந்துச்சு. கேமராப் பலகைய ஒரு தூணோட சேத்துக் கட்டினேன். துருத்தி எறங்காம இருக்க அவ தன்னோட பழைய சேலைக் கரையைக் கிழிச்சு இறுக்கிச் சுத்தினா. மேல நெழலு விழற மாதிரி பலகை கிலகை ஒண்ணும் இல்ல, மூணு பக்கமும் வெளிச்சம் தாராளமா வருது. தள்ளிப் பாத்தேன். ம்ஹும். மலையாட்டம் நிக்குது.

முக்காலிய ஒரு சுத்துச் சுத்தி வந்தேன். அப்புறம் "உன்ற அம்மாகிட்டச் சொல்லாத"ன்னேன்.

கல்யாணச் சீருல மாமியார் குடுத்தது அது. ஒறம்பரைச் சனம் வந்தா, மாப்பிள்ளை போனா, அதுல புழிஞ்ச சந்தகைக்குத் தேங்காப்பால் ஊத்தித் தின்னாத்தான் எங்க பக்கம் மரியாதை. அடுப்படி விட்டு அது வெளிய வந்ததே கெடையாது. இப்ப அதுக்குக் கீழ செத்த புழு.

"நான் ஏஞ் சொல்றேன்"னா. ஆனா அவ மொகத்துல ஒரு பயம் வந்து போச்சு. நானும் பாத்தேன்.

ஆவணி 25, ஞாயிறு

வெயில்! நல்ல வெயில். சாமுண்டி மலை தொடச்சு வெச்சாப்பல தெரியுது.

ஸ்டுடியோவுல வடக்கு ஜன்னலு ஓரம் முக்காலி. எலை மேல புழு, ஒரே நாள்ல பொறந்தது மட்டும் ரங்கசாமி பொறுக்கி வரிசையா வெச்சான். கைப்புள்ளையப் படுக்க வெக்கறாப்பல வெக்கறான். செத்துப் போறதுன்னு தெரிஞ்சும்.

மொத பிளேட் வீண். புழுவோட நெழலும் புள்ளியும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, எது எதுன்னு தெரியல. அப்புறம் ஒரு பழைய கண்ணாடி பிளேட்டைச் சொரண்டிச் சுத்தம் பண்ணினேன். (யாரோ ஒரு மண்டிக்காரர், மீசையோட. படத்துக்குத் திரும்பி வரவே இல்ல. மீசை போச்சு.) ரெண்டு செங்கல்லு, மேல அந்தக் கண்ணாடி, கண்ணாடி மேல புழு. நெழலு கண்ணாடிக்குக் கீழ எங்கயோ தூரத்துல விழுந்து போச்சு. புழு மட்டும் நிக்குது.

ஃபோகஸுக்குத் துருத்தியத் தொடவே கூடாது, கட்டு அவுந்துரும். செங்கல்லுக்கு அடியில படம் ஒட்டற அட்டைய ஒவ்வொண்ணாச் சொருகி ஒசத்தினோம். நான் ஸ்டூல் மேல ஏறிக் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டு, "இன்னொண்ணு... இன்னொண்ணு... போதும்... ஒண்ண உருவு." கீழ ரங்கசாமி. எதிர்ப்பக்கம் நாச்சாயி வெள்ளை வேட்டிய ரெண்டு கையில விரிச்சுப் புடிச்சு வெளிச்சத்தத் திருப்பி விட்டுட்டு நின்னா. கை வலிக்குமேன்னு கேட்டதுக்கு, "உங்க வேட்டிய வாராவாரம் புழியற கைதானுங்க. படத்த எடுங்க"ங்கறா.

துணிக்குள்ள இருட்டு, வேர்வை, எலி கடிச்ச ஓட்டை வழியா ஒரு ஊசி வெளிச்சம். அப்படியே பால்கண்ணாடியில புழு வந்து நின்னுச்சு. விரல் தடிமனுக்கு, தலகீழா. மேல தோல்ல அங்கங்க கறுப்புப் பொடி. எலைத் தூசியா இருக்குமோன்னு கோழி எறகால தடவச் சொன்னேன். தடவினான். போகல.

"இருக்குதுங்களா மச்சான்?"

"இருக்குது. எல்லாத்துலயும் இருக்குது."

எறங்கிப் பாத்தா அவன் செங்கல்லுப் பக்கத்துலயே சப்பணம் போட்டு உக்காந்து மொகத்த மூடிக்கிட்டான். தன்ற புழுவுல சீக்கு இருக்குன்னு கேட்டுச் சந்தோசத்துல அழுத ஆளு இவன் ஒருத்தனாத்தான் இருப்பான்.

மூணு பிளேட் நல்லா வந்துது. ஒண்ணு கூட்டமா, பெருசு சிறுசு தெரியற மாதிரி. ரெண்டு தனிப் புழு. இருட்டறையில நாச்சாயியும் நின்னா. டிஷ்ஷுல புள்ளி ஒவ்வொண்ணா எந்திரிச்சு வருது. என்னோட படத்துல இவ்வளவு கூர்மை நான் பாத்ததே இல்ல. மகாராஜாவே வந்து உக்காந்தாலும் இப்படி எடுத்திருப்பேனோ என்னமோ. அத அவகிட்டச் சொன்னேன். "பெருமைய அப்புறம் பேசிக்கலாம், தண்ணி மாத்துங்க"ன்னா. தோளு மட்டும் தோளோட ஒட்டி நின்னுச்சு.

ஆவணி 26, திங்கள்

இன்ஸ்பெக்டர் இன்னிக்கு உள்ளயே கூப்பிட்டார். மேஜை மேல படத்த வெச்சுப் பூதக்கண்ணாடியில பாத்தார். பாத்துக்கிட்டே இருந்தார். "இது எப்படி எடுத்தீங்க?" சொன்னேன். "ஷாவிகே ஒத்தோதறல்லா?" சேவை புழியறதுலயான்னு. வாய் விட்டுச் சிரிச்சார்.

அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டார். கண்டு ரோகமேதானாம். மைக்ரோஸ்கோப்புல பாத்தாத்தான் முழு நிச்சயம், ஆனா இந்தப் புள்ளிக்கும் இந்த ஏறு எறக்கத்துக்கும் வேற பேரு கெடையாதுன்னார். மிச்சம் இருக்கறத எரிச்சுரணும். தட்டு, அறை எல்லாம் மருந்து போட்டுக் கழுவணும். சோதிச்ச முட்டைதான் வாங்கணும். வளத்தவங்க மேல தப்பே இல்ல.

ரங்கசாமி எந்திரிச்சுக் கும்பிட்டான். இன்ஸ்பெக்டர் கடைசியா ஒண்ணு கேட்டார். "மொட்டை எல்லி தொகொண்டிரி?" முட்டை எங்க வாங்கினீங்க.

"ஊர்லதானுங்க"ன்னு சொல்லிட்டு அவன் கதவுப் பக்கம் திரும்பிட்டான்.

வெளிய வந்து மார்க்கெட் பக்கம் நடக்கையிலதான் சொன்னான். முட்டை கடையில வாங்கினது இல்ல. அம்மாவே அனூருக்குப் போயி, தன்னோட அக்கா வீட்டுல இருந்து கேட்டு வாங்கி, மடியில வெச்சுக் கொண்டு வந்தது. கடை முட்டைய நம்பக் கூடாது, நம்ம சனத்துகிட்ட இருந்து வந்தாத்தான் ராசின்னு.

ஓஹோ.

வீட்டுல நாச்சாயிகிட்டச் சொன்னோம். முறத்துல அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டே கேட்டா. நான் சொன்னேன், அப்படியே போட்டு ஒடைச்சுரலாம், அந்தப் புள்ளையப் படுத்துன பாட்டுக்கு உன்ற அம்மாவும் கொஞ்சம் படட்டும்னு. எனக்குக் கோவம்.

"வேண்டாமுங்க. முட்டைச் சீக்குன்னு மட்டும் சொல்லலாம். முட்டை யாரு கொண்டாந்ததுன்னு நாம சொல்ல வேண்டாம்."

"ஏன், அம்மாங்கறதாலயா?"

"அம்மாங்கறதாலதான். அவ கெட்டவ இல்லீங்க. பயந்தவ. வீட்டுல எது கெட்டாலும் தன் மேல வந்துருமோன்னு பயம். எங்கப்பன் அப்படி ஆளு. எதுன்னாலும் 'இவ வந்த நேரம்'பாரு. முப்பது வருசமாக் கேட்டவ. இப்ப அவரு இல்ல, இன்னும் பயம் போகல."

இதெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டிக்கிட்டு இத்தன வருசம் ஆச்சு, இன்னிக்குத்தான் சொல்றா.

ஆவணி 27, செவ்வாய்

நாங்க ஊருக்குப் போற யோசனையில இருக்கறோம். பத்து மணி பஸ்ஸுல மாமியாரே வந்து எறங்கிட்டாங்க! மவன் போனவன் திரும்பி வரலைன்னு. கையில ஒரு பை நெறைய ராகி மாவு, நெஞ்சு நெறையக் கோவம்.

"ஏனுங் மாப்ளே, சவுக்கியமுங்களா"ன்னு கேட்டுட்டே ஸ்டுடியோ வழியா உள்ள வந்தாங்க. வந்தவிய நின்னுட்டாங்க. ஜன்னலு ஓரம் முக்காலி. மேல கேமரா தலைய உள்ள விட்டுட்டு நிக்குது. கீழ செங்கல்லு, புழு.

நானே அப்படியே பூமிக்குள்ள போயிரலாம்னு பாத்தேன்.

"இது நான் குடுத்த முக்காலிதான?"

"ஆமாங்கம்மா"ன்னா நாச்சாயி.

"இதுல புழுவையா..." பாதியில விட்டுட்டு உக்காந்துட்டாங்க. நாச்சாயி தண்ணி குடுத்தா. குடிக்கல. ரங்கசாமிதான் தைரியமா (இவனுக்கு எங்கிருந்து வந்துச்சோ) படத்த எடுத்து மடியில வெச்சு, இன்ஸ்பெக்டர் சொன்னத ஒண்ணு விடாமச் சொன்னான். முட்டைச் சீக்கு. யாரு காலு வெச்சும் வர்றதில்ல. யாரு கை பட்டும் வந்ததில்ல. வேலாத்தா மேல ஒரு தப்பும் கெடையாது.

அவிய படத்தக் கிட்ட வெச்சுப் பாத்தாங்க, தூர வெச்சுப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க.

"ஏனுங் மாப்ளே. என்ற மூஞ்சியில அம்மைத் தழும்பு எத்தனை இருக்குது?"

நான் அவிய கன்னத்த உத்துப் பாத்தேன்.

"எங்கூட்டுச் செவுத்துல நீங்க எடுத்த என்ற படம் மாட்டியிருக்குதே, அதுல எத்தனை இருக்குது? ஒண்ணு கூட இல்ல. இருந்த தழும்பையே காணாமப் பண்ணுன கையி. இல்லாத புள்ளிய வெக்கத் தெரியாதுங்களா? மச்சினன் அழுதா மனசு எளகுமல்ல."

என்னத்தச் சொல்ல! பென்சில் கூர் சீவி வெச்சு நெகட்டிவ்ல தழும்ப அழிக்கறது என்ற தொழில். அந்தப் படத்துல அப்படி ஒரு பிரியமா அழிச்சேன், மாமியாராச்சேன்னு. இப்ப அந்தக் கைவேலையே எனக்கு எதிரா நிக்குது. நாச்சாயி சேலைத் தலைப்ப வாயில வெச்சுக்கிட்டா. அழுதாளா சிரிச்சாளா தெரியல.

ரங்கசாமி எந்திரிச்சு வெளிய போயிட்டான். போகையில, "அம்மா, அவ வரலைன்னா நானும் அந்த ஊட்டுக்கு வரல"ன்னான். சத்தம் போட்டுச் சொல்லல. அதுதான் அவியளுக்குச் சுருக்குன்னுச்சு.

சாப்பாடு: ராகிக் களி, கீரை. ஒருத்தரும் சரியாச் சாப்பிடல.

ஆவணி 28, புதன்

இன்னிக்கும் வெயில். நல்லதாப் போச்சு.

காலையில காப்பியக் குடுத்துட்டு நான் சொன்னேன், "அத்தே, படத்த நம்ப வேண்டாம். நீங்களே பாத்துருங்க. பென்சிலும் கெடையாது, நெகட்டிவ்வும் கெடையாது." கூடையில இன்னும் ரெண்டு புழு உசுரோட இருந்துச்சு.

வர மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். வந்தாங்க. ஸ்டூல் மேல ஏத்தி விட்டோம். ஒரு பக்கம் நாச்சாயி, ஒரு பக்கம் நான். கறுப்புத் துணியத் தலை மேல போட்டேன். "ஐயோ, மூச்சு முட்டுதே"ன்னாங்க. அப்புறம் கண்ணாடிகிட்டக் குனிஞ்சாங்க.

"தலகீழாத் தெரியுதே."

"அப்படித்தானுங்க தெரியும்."

"இது கீழ இருக்கற அந்தப் புழுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

விட மாட்டேங்கறாங்க! துணிக்குள்ள இருந்தபடியே கைய நீட்டித் துழாவி, கீழ லென்ஸுக்கு அடியில ஒரு விரல விட்டாங்க. விரல ஆட்டினாங்க. உள்ள கண்ணாடியில அவிய விரலே வெள்ளரிக்கா மொத்தத்துக்கு வந்திருக்கும். நகத்துல மஞ்சக் கறை, அருவா வெட்டுன தழும்பு, எல்லாத்தோடயும். ரொம்ப நேரம் ஆட்டிப் பாத்தாங்க. அப்புறம் அதே விரலால புழு முதுகத் தடவினாங்க, ஒரு தடவ, ரெண்டு தடவ. கைக்குழந்தை மொகத்துல ஒட்டுனத தொடைக்கறாப்பல.

ரங்கசாமி கதவுகிட்ட நின்னான்.

துணிக்குள்ள இருந்து வந்துச்சு: "போக மாட்டேங்குது."

எறக்கி விட்டோம். மொகமெல்லாம் வேர்வை, முடி கலஞ்சு கெடக்குது. யாரையும் பாக்காம அடுப்படிக்குள்ள போயி உக்காந்துட்டாங்க.

மத்தியானம் பொடக்காளியில குழி வெட்டி, புழு, கூடை, எலை எல்லாத்தையும் போட்டு எரிச்சோம். ரங்கசாமி கிட்ட நின்னு குச்சியால தள்ளித் தள்ளி விட்டான். முக்காலிய நாச்சாயி புளி போட்டுச் சாம்பல் போட்டு வெந்நி ஊத்தித் தேய்ச்சா. அதுல இனிச் சந்தகை புழியறது சந்தேகந்தான். அவளே சொல்லிட்டா, "இனி இது உங்க சாமான்"னு.

வெளக்கு வெக்கிற நேரம். நான் கேமராவத் தொடச்சுட்டு இருந்தேன். மாமியார் வந்து வாசப்படியில நின்னாங்க. என்ற கிட்ட இல்ல, மவகிட்டச் சொன்னாங்க.

"அனூர்ல இருந்து முட்டைய மடியில வெச்சுக் கொண்டாந்தது நாந்தான?"

நாச்சாயி கையில இருந்த வெளக்கக் கீழ வெச்சா. நான் கேமராவவிட்டுத் தலை தூக்கல.

"உங்களுக்கெல்லாம் நேத்தே தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

"அம்மா, உங்களுக்கும் தெரியாமத்தான..."

"அந்தப் புள்ளைக்கும்தான் ஒண்ணும் தெரியாது. நான் கேட்டனா?"

நாச்சாயி போயிக் கையப் புடிச்சுக்கிட்டா. அவிய கையக் குடுத்தாங்க, ஆனா அழல. கல்லாட்டம் நின்னாங்க. எனக்குத்தான் கண்ணு கலங்கிருச்சு, கறுப்புத் துணியில தொடச்சுக்கிட்டேன். ரெண்டு நாளா அவிய மேல வெச்சிருந்த கோவம் எங்க போச்சுன்னே தெரியல.

ஆவணி 29, வியாழன்

பனி. ஜட்காவுக்குச் சொல்லி விட்டது அஞ்சு மணிக்கு, வந்தது ஆறுக்கு.

மாமியார் தலைக்கு ஊத்தி, மவளோட நல்ல சேலை ஒண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ரங்கசாமியும் சட்டை மாட்டிக்கிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, வேலாத்தாவக் கூட்டிட்டு வரப் போக மாப்பிள்ளையாட்டம் ரெடி. பஸ் ஸ்டாண்டுக்கு நாங்க எல்லாருமே போனோம். கொள்ளேகால் பஸ்ஸுல எடம் இருந்துச்சு. அவன் கால வெச்சு ஏறப் போனான். அவிய சட்டையப் புடிச்சு நிறுத்திட்டாங்க.

"நீ வர வேண்டாம்டா. உன்ற மூஞ்சியப் பாத்தா அந்தப் புள்ள ஒண்ணும் பேசாமப் பொறகாலயே வந்துரும். எல்லாத்தையும் உள்ள வெச்சுக்கும். நான் தனியாப் போறேன். என்னைய நல்லா நாலு கேள்வி கேக்கட்டும். அவ அப்பன் ஆத்தா முன்னாலயே கேக்கட்டும்."

"கேக்காம இருந்துட்டா என்னம்மா பண்ணுவீங்க?"ன்னா நாச்சாயி.

"கேக்கற வரைக்கும் அவ ஊட்டு வாசல்ல உக்காந்திருப்பேன்."

கண்டக்டர் விசில் ஊதிட்டான். ஜன்னலுப் பக்கத்துல உக்காந்து, எங்களத் திரும்பியே பாக்காம, முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டாங்க.